மச்சானின் ரயிலை விற்பது யார்?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 40 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

பெங்களூரில் இருக்கும் என் அக்காவின் மூத்த மகன், பழைய சாமான் விற்கும் ஒரு செயலியில் பத்து நாளைக்கு முன்னால் ஒரு விளம்பரம் போட்டிருக்கிறான். "பழைய ரயில் பொம்மைகள், தண்டவாளத்தோடு, மொத்தமாக மட்டும். மேசை இலவசம்." கீழே நான்கு படம். அதில் ஒன்றில் என் அக்காவின் கை வேறு தெரிகிறது, தூசி தட்டிக்கொண்டிருக்கிற கை. ஒரு வியாபாரி வீடியோவில் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் 60,000 ரூபாய் சொல்லியிருக்கிறாராம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே பதினோரு பேர் கட்டைவிரல் காட்டிவிட்டார்கள். குடும்ப விஷயத்தை மாமா ஏன் ஊருக்குச் சொல்கிறார் என்று மருமக்கள் கோபப்பட வேண்டாம். சந்தையில் நீங்கள் கூவிய பிறகுதான் நான் வாயைத் திறக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விற்பதற்கு நான் எதிரி இல்லை. "அப்பா நினைவு, ஒன்றையும் தொடக்கூடாது" என்று சிங்கப்பூரிலிருந்து குரல் பதிவு அனுப்புகிற இளையவனோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. நினைவை வைத்திருக்கிற அறைக்கு ஓடு மாற்ற வேண்டும், கரையானுக்கு மருந்து அடிக்க வேண்டும், மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் பார்க்க வேண்டும். இதையெல்லாம் குரல் பதிவில் செய்ய முடியாது. விற்கலாம், தாராளமாக விற்கலாம். ஆனால் எதை விற்கிறோம், எப்படி விற்கிறோம், யார் விற்கிறார்கள் என்று மூன்று கேள்வி இருக்கிறது. மூன்றுக்கும் அந்த விளம்பரத்தில் இருக்கும் பதில் தப்பு.

மச்சானைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போடி லைனில் மீட்டர்கேஜ் காலத்தில் கார்டாக இருந்தவர். பச்சைக்கொடி, விசில், அரிக்கேன் விளக்கு எல்லாம் வீட்டில் இன்னும் இருக்கின்றன. லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருந்த சொந்தக்காரர்கள் லீவுக்கு வரும்போது, "மச்சானுக்கு சென்ட் பாட்டில் வாங்கிட்டு வரவா" என்று கேட்டால், "செகண்ட் ஹேண்டா ஒரு எஞ்சின் வாங்கிட்டு வா" என்பார். அப்படிச் சேர்ந்தவை 17 எஞ்சின்கள், அறுபதுக்கு மேல் பெட்டிகள். இங்கிலாந்தின் ஹார்ன்பி பாதி, ஜெர்மனியின் மார்க்லின் மீதி. இவை வாங்கியவை.

செய்தவை வேறு. விளம்பரத்தில் "மேசை" என்று போட்டிருக்கிறதே, அது மேசை இல்லை மருமகனே. நான்கடிக்கு இரண்டடி ஐந்து பலகைகள். சேர்த்து வைத்தால் போடி ஸ்டேஷன், தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி என்று லைன் வரும். ஐந்தாவது பலகை கோட்டகுடி. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கோட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கம்பிவடத்தை நூலும் தீப்பெட்டித் தகடும் வைத்து மச்சான் ஓடவிட்டிருக்கிறார். அதற்கு மேலே, மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்கு 1908 முதல் ஒரு குட்டி ரயில் ஓடியது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. பிறகு யாரும் போடவில்லை. அந்த ரயிலின் கடைசி ஸ்டேஷனும் அதே பலகையின் மேல் மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு இருக்கிறது.

இப்போது கணக்கு. என் மாணவர்களுக்கு இது பிடிக்கும், அல்லது பிடித்தது போல நடிக்கத் தெரியும். எச்.ஓ. அளவு என்றால் ஒன்றுக்கு எண்பத்தேழு. 87 மீட்டர் நிஜம், 1 மீட்டர் மாதிரி. உலகத்தின் பெரும்பகுதி நாடுகளில் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கிற ஹார்ன்பி, மார்க்லின் தண்டவாளங்களின் அகலம் அதுதான். நம் மீட்டர்கேஜ் பெயரிலேயே இருக்கிறபடி 1000 மில்லிமீட்டர். வகுத்தால் பதினொன்றரை. அதற்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வெளிநாட்டில் விற்கிறார்கள். ஆனால் அதன்மேல் ஓடுவதற்கு நம்ம ஊர் ஒய்.டி.எம். 4 டீசல் எஞ்சினும், ஜன்னலில் கம்பி வைத்த நம்ம ஊர்ப் பெட்டியும் கடையில் கேட்டால் கிடைக்காது. மச்சான் 12 மில்லிமீட்டரில் ஓடுகிற சக்கரமும் மோட்டாரும் வரவழைத்து, அதன்மேல் பித்தளைத் தகட்டை வெட்டி, பற்றவைத்து, பெயிண்ட் அடித்து, கூட்டை உட்காரவைத்தார். ஏறக்குறைய 20 மீட்டர் நீளப் பெட்டி 23 சென்டிமீட்டருக்கு வரும். மதுரை முதல் போடி வரை 90 கிலோமீட்டரை அதே கணக்கில் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். நம் தெருவையே தாண்டி சிலமலைப் பக்கம் போய்விடும். அதனால் எதை வைப்பது, எதை விடுவது என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வடபழஞ்சியை விட்டதற்கு அவருக்குக் கடைசிவரை வருத்தம்.

ஆகவே, "ரயில் பொம்மை". இந்தச் சொல்லைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்கிறேன்.

போடி லைன் 1928ல் திறந்தது. இரண்டாம் உலகப்போரில் இரும்புக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியோடு அகலப்பாதை வேலைக்காக மறுபடி நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் மாதம். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நம் பகுதியில் ரயில் சத்தமே கிடையாது. இரண்டு தடவை இழந்து இரண்டு தடவை திரும்பப் பெற்ற லைன் இது. இப்போது ஓடுவது வேறு ரயில். நல்ல ரயில், வேகமான ரயில், நானும் அதில்தான் சென்னைக்குப் போய் வருகிறேன். ஆனால் பழைய ஸ்டேஷன் முகப்பு எத்தனை அடி, நடைமேடைத் தூணில் எத்தனை வளைவு, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருந்தது, கணவாய் ஏற்றத்தில் வண்டி எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் எங்கே இருக்கிறது? ஒன்பது நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. மச்சான் ட்யூட்டியில் இருக்கும்போதே டேப் வைத்து அளந்து, பென்சிலில் படம் போட்டு, தேதி எழுதி வைத்த நோட்டுகள். விளம்பரப் படத்தில் அந்த நோட்டுகள் ஒரு மூலையில் சணல் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய பேப்பர்காரருக்காம். கிலோ என்ன விலைக்குப் போகிறது மருமகனே?

இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் என்று ஒரு கிராமம். அங்கே பென்டன் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. ராய் இங்கிலாண்ட் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அந்தப் பகுதியின் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக உரு மாறிக்கொண்டே போவதைப் பார்த்து, இருக்கிறபடியே அளந்து சின்ன உருவில் செய்து வைக்கத் தொடங்கினார். 1930களின் கிராமம் அங்கே இன்றும் ஓலை ஓலையாக இருக்கிறது. ஜான் அஹெர்ன் என்பவர் வீட்டில் கட்டிய 'மேடர் வேலி' என்ற மாதிரி ரயிலும் அவர் 1961ல் காலமான பிறகு அங்கேதான் வந்து சேர்ந்தது. அங்கே யாரும் இவற்றைப் பொம்மை என்று சொல்வதில்லை. அளந்து செய்த பதிவேடு என்றுதான் பார்க்கிறார்கள். நம் மச்சான் செய்ததும் அதே வேலை. ஊர்தான் வேறு, கையில் காசுதான் குறைவு.

2011க்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருஷமும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மச்சான் வீட்டுக்கு அழைத்துப்போவேன். விகிதம் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பையன் கேட்டான், "சார், இது நிஜமாவே நம்மூர்ல ஓடுச்சா?" ரயிலைக் கண்ணால் பார்க்காமல் பத்து வயது ஆன பிள்ளை. அவன் அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர், தினம் போடிமெட்டு ஏறி இறங்குகிறவர். அவருக்கும் ரயில் என்பது டிவியில் வருகிற சாமான்தான். அன்று மச்சான் பதிலே சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பிவிட்டு விசிலை எடுத்து ஊதினார். அந்த வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் அது பொம்மைதானா?

அடுத்து, எப்படி விற்பது.

ஏலத்தை ஏலம் போட்டே விற்கிற ஊர் இது. ஏலக்காய்க்கும் பேர் ஏலம், விற்கிற முறைக்கும் பேர் ஏலம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியில் நடக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. நம் ஊரில் எந்த விவசாயியாவது காயைச் சருகோடும் குப்பையோடும் சாக்கில் அள்ளிப்போட்டு, "மொத்தமா எவ்வளவு தர்றீங்க" என்று வீடியோவில் காட்டுவாரா? உலர்த்தி, தேய்த்து, சலித்து, எட்டு மில்லிமீட்டர் காய் தனியாக, சின்னக் காய் தனியாக, வெடித்தது தனியாக, நிறம் வெளுத்தது தனியாகப் பிரித்துத்தான் லாட் போடுவார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் எண், எடை, மாதிரி. வாங்குகிறவர் காயை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். மூன்று தலைமுறையாக ஏலக்காய்க் கணக்குப் பார்த்த குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பாவின் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லை.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ஹார்ன்பிக்கும் மார்க்லினுக்கும் தண்டவாள அகலம் ஒன்றுதான், மின்சாரம் வேறு. ஹார்ன்பி இரண்டு தண்டவாளத்திலும் நேர்மின்சாரம் வாங்கி ஓடுவது. மார்க்லினின் பழைய முறை மாறுமின்சாரம், தண்டவாளத்தின் நடுவே வரிசையாக இருக்கும் புள்ளிகளிலிருந்து அடியில் ஒரு பட்டை வழியாக எடுத்துக்கொள்ளும். ஒன்றை மற்றதன் மேல் வைத்து மின்சாரம் கொடுத்தால் ஓடாது. சில சமயம் உள்ளே கருகியும் போகும். வாங்குகிறவர்கள் இரண்டு தனி ஜாதி. மார்க்லின்காரர் ஹார்ன்பியைத் திரும்பிப் பார்க்க மாட்டார். இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி விற்றால் இரண்டுக்கும் பாதி விலை. இடையில் வாங்குகிற வியாபாரி பிரித்து விற்று முழு விலை பார்ப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அவர் தொழில். பிரிக்கிற வேலையை நாம் செய்யாததற்கு நாம் கொடுக்கிற கூலி அது.

பிறகு டப்பா. மச்சான் ஒவ்வொரு எஞ்சினின் அட்டை டப்பாவையும், உள்ளே இருக்கும் கையடக்கக் குறிப்பையும் பரண்மேல் வைத்திருக்கிறார். ஒரே எஞ்சினுக்கு டப்பா இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. விளம்பரத்தில் டப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை. போன மாதம் வீட்டை ஒதுங்கவைக்க வந்தவர்கள் அந்த அட்டைகளை அடுப்பெரிக்க எடுக்கப் பார்த்து அக்கா தடுத்திருக்கிறது. இன்னொன்று, படம் எடுப்பதற்காக எஞ்சின்களைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தது யார்? எண்ணெய் நாள்பட்டால் பிசினாக இறுகும், பல்சக்கரத்தில் இறங்கினால் மோட்டார் திணறும். பழைய வார்ப்பு உலோகத்தில் சில தானாகவே வெடித்து உதிரும் குணம் கொண்டவை. அதையெல்லாம் கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதி வைத்தால்தான் வாங்குகிறவர் நம்புவார். பெயிண்ட் போன இடத்தைப் புதிதாகப் பூசாதீர்கள். பழைய பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கத் தெரிந்த கைக்கு இதைச் சும்மா விடத் தெரிவதில்லை.

குழுவில் ஒரு சகலை எழுதியிருக்கிறார்: "அவசரப்படாதீங்க, இன்னும் பத்து வருஷம் போனா இது லட்சக்கணக்குல போகும், ஆன்டிக் பீஸ்." அவருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பொருள் தங்கம் இல்லை. இதைச் சேர்த்தவர்கள் உலகம் முழுக்க மச்சானின் வயதுக்காரர்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, ஒவ்வொரு வீட்டுப் பரணும் சந்தைக்கு இறங்குகிறது. விற்கிற வீடு கூடுகிறது, வாங்குகிற வீடு குறைகிறது. லிவர்பூலில் 1946ல் தொடங்கிய ஹாட்டன்ஸ் என்ற கடை, புதியதும் விற்று, இப்படிப்பட்ட குடும்பங்களிடமிருந்து பழைய சேகரிப்புகளையும் வாங்கி விற்றுப் பேர் எடுத்தது. 2024 ஜனவரியில் மூடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். லட்சக்கணக்கில் ஒரே மாதிரி அச்சடித்து விற்ற எஞ்சினுக்கு வயசாவதால் மட்டும் விலை ஏறாது. இணையத்தில் யாரோ ஒருவர் கேட்கிற விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேட்ட விலை வேறு, கைமாறிய விலை வேறு. இதுவும் போடிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆக, வாங்கிய 17 எஞ்சினையும் இப்போதே விற்பதுதான் சரி. பட்டியல் போட்டு, பிரித்து, டப்பாவோடு, குறையையும் எழுதி. மொத்தமாக வேண்டாம்.

யார் விற்பது என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

மச்சான் உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்துக்கு மனைவி, மகன், மகள், தாயார் உயிரோடு இருந்தால் தாயார், இவர்கள் முதல் வகை வாரிசுகள். சமபங்கு. மச்சானின் அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் இரண்டு, மகள் ஒன்று, மனைவி. நான்கு பங்கு. வீட்டுக்கும் நிலத்துக்கும் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிகிறது. வங்கியில் இருப்பதற்குத் தெரிகிறது. பரணில் இருப்பதற்கு மட்டும் தெரியவில்லை. மூத்தவன் ஒருத்தன் விலை பேசுகிறான். மகளிடம் யாரும் கேட்கவில்லை. அது தேனியில் இருந்துகொண்டு வாரம் இரண்டு தடவை அம்மாவை வந்து பார்த்துவிட்டுப் போகிற பிள்ளை. குழுவில் கட்டைவிரல் காட்டாதவர்களில் அதுவும் ஒன்று. அக்காவிடமும் கேட்கவில்லை. அக்கா அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே இல்லை. சாதாரண போன்.

சட்டத்தை விடுங்கள். அந்தப் பலகையில் மலை இருக்கிறதே, அதை யார் செய்தது என்று நினைத்தீர்கள்? மச்சானுக்குத் தகடு வெட்டத் தெரியும், மலை செய்யத் தெரியாது. பழைய தினத்தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் ஆட்டி, கூடை மெழுகுவதற்கு நம் வீட்டுப் பெண்கள் கூழ் அரைப்பார்களே, அதே கூழில் அக்கா செய்தது அந்த மலை. மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றிப் புல். தேங்காய் நாரைப் பிரித்து ஏலச்செடித் தூறு. இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊரில் பஞ்சுக்கு என்ன பஞ்சம், மலை உச்சியில் மேகமும் எஞ்சின் புகையும் அதுதான். ஆண்டிபட்டிக் கணவாயின் பாறை நிறம் சரியாக வரவில்லை என்று மச்சான் மூன்று தடவை கலைக்கச் சொல்லி, நான்காவது தடவை அக்கா, "வேணும்னா நீங்களே போய்க் கணவாயில ஒரு கல்லைப் பெயர்த்துட்டு வாங்க" என்று சொல்லி, அவர் நிஜமாகவே ஒரு கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த நிறம்தான் இப்போது இருப்பது. அவர் ட்யூட்டிக்குப் போன நாளெல்லாம் பூச்சி அரிக்காமல் வேப்பிலையும் நொச்சியும் பலகைக்கு அடியில் போட்டு வைத்தது யார்? முப்பது வருஷம் தூசி தட்டியது யார்? "அப்பாவின் ரயில்" என்று எழுதுகிறீர்கள். பாதி அம்மாவின் ரயில். விளம்பரத்தில் இலவசம் என்று போட்டிருக்கிறீர்களே, அந்தப் பாதி.

நம் வீடுகளில் பெண்கள் செய்த பாதிக்கெல்லாம் எப்போதும் இதுதான் விலை.

இனி, என் மாணவர்களுக்கும் கொஞ்சம். நான் பலகையின் படம் ஒன்றைப் போட்டபோது இருநூறு பேருக்கு மேல் இதயம் போட்டீர்கள். "சார், விற்க விடாதீங்க, நம்ம பாரம்பரியம், மியூசியம் ஆக்குங்க" என்று எழுதினீர்கள். மியூசியம் என்றால் ஒரு கட்டடம், ஒரு பூட்டு, ஒரு ஆள், மாதச் சம்பளம், மின்கட்டணம். புனேயில் கோத்ரூட் பகுதியில் பி.எஸ். ஜோஷி என்பவர் தன் சொந்தச் சேகரிப்பை வைத்து 1998ல் குட்டி ரயில் மியூசியம் ஒன்று திறந்தார். குடும்பத்தார் இன்னும் நடத்துகிறார்கள். எதனால் நடக்கிறது? கட்டணம் வாங்கிக் காட்சி நடத்துகிறார்கள், வண்டி நின்றால் பழுது பார்க்கக் குடும்பத்திலேயே ஆள் இருக்கிறது. ஒரு குடும்பம் தன் வாழ்நாளைக் கொடுத்தது என்று அர்த்தம். அதை நீங்கள் ஒரு சொட்டு இதயத்தில் முடித்துவிடப் பார்க்கிறீர்கள். சென்னையிலும் திருச்சியிலும் ரயில்வே மியூசியம் இருக்கிறது, அங்கே கொடுத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல இடங்கள்தான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் போடி ஸ்டேஷனை 500 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு யார் டிக்கெட் எடுப்பது? பாரம்பரியம் பாரம்பரியம் என்று அடுத்தவர் பரணைக் காட்டிக் கத்துவது சுலபம். ஒருவர்கூட "சார், நான் ஒரு பலகையைத் தூக்க வர்றேன்" என்று எழுதவில்லை.

சென்ற வியாழக்கிழமை நான் அக்காவிடமே போய்க் கேட்டேன். மூன்று மாதமாக யாருமே கேட்காத கேள்வி: "இதை என்னக்கா செய்யலாம்?"

அக்காவுக்கு யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. "வாங்குன எஞ்சினையெல்லாம் வித்துருடா. கண்ணுல புரை எடுக்கணும், மேல் ஓடு மாத்தணும், பிள்ளைககிட்ட கேட்கவா? ஆனா மலையும் நோட்டும் எங்கயும் போகக்கூடாது. நான் இருக்குறவரைக்கும் இங்க இருக்கட்டும். பெறகு பிள்ளைக படிக்கிற எடத்துல வைங்க." இவ்வளவுதான் சொன்னது. சிங்கப்பூரின் கண்ணீரும் பெங்களூரின் விளம்பரமும் சேர்ந்து மூன்று மாதத்தில் எட்டாத முடிவு.

ஆகவே மூத்த மருமகனே, விளம்பரத்தை இன்றைக்கே எடு. நீ கெட்ட பிள்ளை இல்லை, எனக்குத் தெரியும். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவை ஒற்றை ஆளாகப் பார்த்தவன் நீ, அதை இந்த ஊரே அறியும். அதற்காக இதிலும் ஒற்றை ஆளாக முடிவெடுக்கும் உரிமை வந்துவிடாது. வியாபாரியிடம் பட்டியல் போட்ட பிறகு பேசுகிறோம் என்று சொல். அவருக்கும் வேண்டுமென்றால் லாட் லாட்டாகக் கேட்கட்டும். விற்ற பணம் ஒவ்வொரு ரூபாயும் அக்காவின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், இடையில் யார் கணக்கும் வேண்டாம். இளையவனே, உனக்கு அப்பா நினைவாக ஒரு எஞ்சின் வேண்டும் என்றால் பட்டியல் விலையைக் கொடுத்து எடுத்துக்கொள். அம்மாவுக்குத்தானே போகிறது. நோட்டுப் புத்தகக் கட்டை நான் அன்றைக்கே தூக்கிவந்து என் பீரோவில் வைத்துவிட்டேன். கேட்டால் தர மாட்டேன், வந்து படித்துக்கொள்ளலாம். ஒன்பதையும் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க ஒரு ஆள் வேண்டும். கேமரா வைத்திருக்கிற மாணவர்கள் இதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ராசிங்காபுரத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் பட்டியல் போடுகிறோம். தேனியிலிருந்து மருமகள் வருகிறது, எழுதுகிற வேலை அதற்கு. டப்பாக்களைப் பரணிலிருந்து இறக்க ஏணி பிடிக்க இரண்டு பேர், பலகையைத் தூக்க நான்கு பேர் தேவை. கோட்டகுடிக் கம்பிவடத்தில் நூல் அறுந்து மூன்று தேயிலைப் பெட்டி கீழே கிடக்கிறது, தறி வேலை தெரிந்தவர்கள் யாராவது மெல்லிய முறுக்கு நூல் ஒரு கண்டு கொண்டுவந்தால் நல்லது. மத்தியானச் சாப்பாடு அக்கா போடும். தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு யாரும் வர வேண்டாம்.